அச்சுக்கூடத்தில் இருப்பது இன்னும் காசு அல்ல

கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு வணிகக்கல்வி படிப்பித்த காலத்தில், பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவுக்கு எங்கே கூட்டிக்கொண்டு போவது என்ற பேச்சு வருடந்தோறும் எழும். ஆனையிறவு உப்பளமும் இரணைமடுக் குளமும் எல்லாரும் பார்த்துச் சலித்த இடங்கள்; பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் அப்போது இடிந்த சுவர்களைத் தவிரப் பார்ப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. அப்படியொரு நாளில், விசுவமடுப் பக்கத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், “சேர், எங்கட காசு அடிக்கிற இடத்தைப் போய்ப் பாக்கேலாதா?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்கு அது சிரிக்கும் கேள்வியாகப் படவில்லை. வங்கி, வட்டி, பணவீக்கம் என்று வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த நான், அந்தக் காசு எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் தாளாகிறது என்பதை ஒரு நாளும் சொல்லியிருக்கவில்லை.

இலங்கை ரூபாய்த் தாள்கள் அச்சாகும் இடம் இரகசியமானதல்ல. கம்பஹா மாவட்டத்தில் மல்வானைக்கு அருகே, பியகம ஏற்றுமதி வலயத்தில் அந்த அச்சகம் இருக்கிறது. டி லா ரூ என்ற பிரித்தானிய நிறுவனமும் இலங்கை அரசாங்கமும் பங்காளர்களாகச் சேர்ந்து 1980களின் பிற்பகுதியில் அதைத் தொடங்கின. அதற்கு முன்னர் நமது தாள்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில் அச்சிடப்பட்டுக் கப்பலில் வந்து இறங்கின. இன்று அங்கே நமது தாள்களோடு வேறு நாடுகளின் தாள்களும் அச்சாகின்றன. ஆகவே வாசலில் பாடசாலை பஸ் ஒன்றை நிறுத்தி, “பிள்ளைகள் பார்க்க வந்திருக்கினம்” என்று சொல்லி உள்ளே போகக்கூடிய இடம் அதுவல்ல. மாணவர்களுக்குத் திறந்திருப்பது கொழும்புக் கோட்டையில், சதாம் வீதியில் உள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலைதான். பழைய நாணயங்களும் தாள்களும் கண்ணாடிக்குப் பின்னால் அங்கே வரிசையாக இருக்கின்றன. அந்த வருடம் எங்கள் பஸ் அங்கேதான் போனது. கேள்வி கேட்ட மாணவன் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, “மெசினைக் காணேல்லையே சேர்” என்றான்.

இயந்திரத்தை நான் பார்த்தது பல வருடங்களுக்குப் பிறகு, இளைப்பாறியபின். அக்காவின் மகள் டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரத்தில் குடும்பமாக இருக்கிறாள். அவளிடம் போய் நின்ற நாட்களில், அங்கிருந்து சிறிது தூரத்தில் உள்ள போர்ட் வேர்த் நகரத்தில் டொலர் அச்சிடும் இடத்தைப் பொதுமக்கள் இலவசமாகப் பார்க்கலாம் என்று அறிந்து, என்னைக் கூட்டிக்கொண்டு போகும்படி கேட்டேன். அமெரிக்க அரசாங்கத்தின் செதுக்கல், அச்சிடல் பணியகத்துக்கு இரண்டு அச்சகங்கள் உண்டு. ஒன்று வாஷிங்டனில், 1862 இல் திறைசேரிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி. மற்றையது 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் போர்ட் வேர்த் அச்சகம். அமெரிக்கத் தாள்களில் பாதிக்கு மேல் அங்கேதான் அச்சாகின்றன. அங்கே அச்சான தாளின் முகப்பில் எஃப், டபிள்யூ என்ற இரண்டு எழுத்துகள் மிகச் சிறிதாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய டொலர் தாள் எவரிடமாவது இருந்தால், பூதக்கண்ணாடி வைத்துத் தேடிப் பார்க்கலாம்.

“மாமா, போனைக் காரிலயே வைச்சிட்டு வாங்கோ” என்றாள் மருமகள். உள்ளே தொலைபேசிக்கும் கமராவுக்கும் இடமில்லை. சோதனை முடிந்ததும், காதில் வைத்துக் கேட்கும் விளக்கக் கருவி ஒன்றைத் தருகிறார்கள். அதன் பிறகு பார்வையாளர் நடப்பது தொழிற்சாலைத் தரையில் அல்ல; தரைக்கு மேலே உயரத்தில், இருபுறமும் கண்ணாடி பதித்த நீண்ட நடைபாதையில். கீழே நடப்பதெல்லாம் தெரியும், எதுவும் கைக்கு எட்டாது. சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று பழகிய எனக்கு அந்த ஒழுங்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

முதலில் கண்ணில் பட்டது கடதாசி. அதைக் கடதாசி என்று சொல்வதே ஒரு வகையில் பிழை. நாம் கொப்பிக்கும் பத்திரிகைக்கும் பாவிக்கும் தாள் மரக்கூழில் செய்யப்படுவது. அதன் நார்கள் குறுகியவை. டொலர் தாளோ நான்கில் மூன்று பங்கு பருத்தியும் ஒரு பங்கு லினன் எனப்படும் ஆளிச்செடி நாரும் கலந்தது. அதற்குள் நீலமும் சிவப்புமான நுண்ணிய இழைகள் தூவப்பட்டிருக்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரேன் என்ற ஒரே நிறுவனம் 1879 முதல் அதைச் செய்து கொடுக்கிறது. நமது ரூபாய்த் தாளும் பருத்தி நாரில் செய்யப்படுவதே. நீண்ட நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், ஆயிரம் முறை மடித்தாலும் அது எளிதில் முறிவதில்லை, நனைந்தாலும் கூழாவதில்லை. கள்ளத்தாளைக் கையில் வாங்கிய உடனே சந்தை வியாபாரி ஒருவர் முகம் சுளிப்பதற்கு முதற் காரணமும் இதுதான். கண் பிடிக்குமுன் விரல் பிடித்துவிடுகிறது. சாதாரணக் கடதாசியின் வழுவழுப்பும் சத்தமும் வேறு.

அச்சிடுதல் ஒரே தடவையில் முடியும் வேலை அல்ல. ஒரு பெரிய தாளில் முப்பத்திரண்டு அல்லது ஐம்பது பணத்தாள்கள் பக்கம் பக்கமாக இருக்கும். முதலில் மெல்லிய பின்னணி வர்ணங்கள் விழுகின்றன. அதன் பின் வருவதுதான் பணத்தாளுக்கே உரிய அச்சு. உருக்குத் தகட்டில் உருவமும் எழுத்தும் பள்ளமாகச் செதுக்கப்பட்டிருக்கும். அந்தப் பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பில் ஒட்டிய மையை வழித்துத் துடைத்து, தாளை அதன்மேல் வைத்து இருபது தொன் அளவு அழுத்தத்தில் நசுக்குகிறார்கள். தாள் பள்ளத்துக்குள் புகுந்து மையை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறது. அதனால் மை தாளில் படிவதோடு நிற்காமல், மேடாகவும் எழும்பி நிற்கும். பின்பக்கப் பச்சை முதலில் அச்சாகி, சுமார் 72 மணி நேரம் காய்ந்த பிறகுதான் முன்பக்கக் கறுப்பு ஏறும். அந்தக் காத்திருப்பை விளக்கக் கருவியில் கேட்டபோது, நெல்லைக் காயவிட்டு மழைக்குப் பயந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மூர்க்காரர்தான் நினைவுக்கு வந்தார்கள். கண்ணாடிக்குக் கீழே அடுக்கடுக்காகக் காய்ந்துகொண்டிருந்தவை, சீமெந்து மூடைகளைப் போலப் பலகைத் தட்டுகளில் ஏற்றிவைத்த தாள் கட்டுகள். நமது உப்பளத்தில் உப்புக் குவியலை எவரும் ஏறெடுத்துப் பார்க்காததைப் போல, அங்கே வேலை செய்பவர்களும் அந்தக் கட்டுகளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

ஒரு காட்சியை நான் நெடுநேரம் நின்று பார்த்தேன். ஏப்ரன் கட்டிய அச்சாளர் ஒருவர் இயந்திரத்திலிருந்து ஒரு தாளை உருவியெடுத்து, வெளிச்ச மேசையில் விரித்து, பூதக்கண்ணாடியால் மூலை மூலையாகப் பார்த்தார். பேனாவால் ஓரிடத்தைச் சுழித்தார். இயந்திரத்தில் எதையோ சற்றுத் திருகினார். பிறகு அந்தத் தாளைத் தூக்கி எறியவில்லை. தனியாக ஒரு தட்டில் வைத்து, பக்கத்திலிருந்த பதிவில் குறித்தார். பழுதான தாளுக்கும் அங்கே கணக்கு உண்டு. உள்ளே வந்த வெற்றுத் தாள்களின் தொகையும், வெளியே போகும் நல்ல தாள்களும் கழிவும் சேர்ந்த தொகையும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒத்துப்போக வேண்டும். வணிகக்கல்வி படிப்பித்தவனுக்கு இது இனித்தது. நான் அச்சுத் தொழிற்சாலை பார்க்கப் போனேன். அங்கே பார்த்தது பெரும்பாலும் கணக்குப்பதிவு. மையும் தகடும் ஒரு பங்கு என்றால், எண்ணுவதும் எண்ணியதை மறுபடி எண்ணுவதும் மூன்று பங்கு.

தொடரிலக்கம் விழுவது கடைசியில்தான். இலக்கம் விழுந்தபின் ஒரு தாள் பழுதாகிவிட்டால் அதே இலக்கத்தில் இன்னொன்றை அச்சிடுவது வீண் வேலை. அதற்குப் பதிலாக நட்சத்திரக் குறியிட்ட தாள் ஒன்றைச் செருகி எண்ணிக்கையைச் சரிப்படுத்துகிறார்கள். நமது ரூபாயிலும் அந்த ஏற்பாடு உண்டு. 2011 பெப்ரவரி 4 ஆம் திகதி வெளியிடப்பட்ட தற்போதைய தொடரில், நூறு ரூபாய்த் தாளின் இலக்கம் யு என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும்; ஆயிரம் ரூபாய் எஸ், ஐயாயிரம் ரூபாய் ஆர். இவற்றுக்கிடையே இசட் என்று தொடங்கும் தாள் எப்போதாவது கைக்கு வந்தால், அது பழுதான ஒன்றின் இடத்தை நிரப்ப வந்த தாள். பெறுமதியில் ஒரு வேறுபாடும் இல்லை. சேகரிப்பாளர்கள் மட்டும் கூடுதலாகக் கொடுத்து வாங்குவார்கள்.

அந்த 2011 தொடரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாத் தாள்களின் உயரமும் 67 மில்லிமீற்றர். நீளம் மட்டும் இருபது ரூபாயில் 128 இல் தொடங்கி, ஒவ்வொரு பெறுமதிக்கும் ஐந்து மில்லிமீற்றர் கூடி, ஐயாயிரத்தில் 153 இல் முடிகிறது. கண் தெரியாத ஒருவர் இரண்டு தாள்களைச் சேர்த்துப் பிடித்து நீளத்தால் பிரித்தறியலாம். போரில் பார்வை இழந்தவர்கள் எத்தனையோ பேர் வாழும் வன்னியில், அந்த ஐந்து மில்லிமீற்றர் சின்ன விடயம் அல்ல. நூறு ரூபாய்த் தாளின் பின்பக்கத்தை நிமிர்த்திப் பிடித்தால் பரதநாட்டியப் பெண்ணும் மிருதங்கக் கலைஞரும் நிற்பார்கள். சந்தையில் மீன் செதிலும் வெற்றிலைச் சாறும் பட்டு அந்தப் பெண்ணின் முகம் தேய்ந்துபோன தாள்களைத்தான் நாம் பெரும்பாலும் பார்க்கிறோம்.

நடைபாதையின் முடிவில், வெட்டிக் கட்டிய பணக்கட்டுகள் பிளாத்திக்கு உறை போட்டு அடுக்கப்பட்டிருந்தன. நூறு தாள் ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பொதி, நான்கு பொதி ஒரு செங்கல். செங்கல் என்பது அவர்கள் சொல்லும் பெயர்தான். மருமகளின் மகன் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, “இதெல்லாம் யாருக்குச் சொந்தம்?” என்று கேட்டான். சரியான விடை அங்கேதான் எனக்கும் உறைத்தது. அந்த நேரத்தில் அது எவருடைய காசும் அல்ல. அச்சிடும் பணியகம் அதை அமெரிக்க மத்திய வங்கி அமைப்புக்கு அச்சுச் செலவை வாங்கிக்கொண்டு கொடுக்கிறது. நூறு டொலர் தாளுக்கும் அந்தச் செலவு சதக் கணக்குத்தான். மத்திய வங்கி அதை வெளியிடும்போதுதான் அது பணமாகிறது. அதுவரை அது நன்றாக அச்சிட்ட, மிகக் கவனமாக எண்ணிய கடதாசி.

இலங்கையிலும் ஒழுங்கு அதுவே. பியகமவிலிருந்து மத்திய வங்கியின் பெட்டகத்துக்குப் போகும் தாள் அங்கே ஒரு கையிருப்புப் பொருள். வர்த்தக வங்கி ஒன்று அதைக் கேட்டு வாங்கி, தன் கிளைக்குக் கொண்டுபோய், கருமபீடத்தில் ஒருவருக்குக் கொடுக்கும் பாதையில்தான் அது மத்திய வங்கியின் ஐந்தொகையில் பொறுப்புப் பக்கத்தில் ஏறுகிறது. நம்முடைய சட்டைப் பையில் உள்ள ஆயிரம் ரூபாய் நமக்குச் சொத்து; மத்திய வங்கிக்கு அது நமக்குப் பட்ட கடன். உயர்தர மாணவருக்கு இந்த ஒரு வரியை விளங்கப்படுத்த ஒரு தவணை பிடிக்கும். ஆனால் வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இந்த விடயத்தை வாழ்க்கை வேறு வழியில் படிப்பித்திருக்கிறது.

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள் வன்னி இருந்த காலத்தில், இங்கே புழங்கியது இலங்கை ரூபாய்தான். நிர்வாகம் வேறாக, விடுதலைப் புலிகளுடையதாக இருந்தது. காவல்துறையும் நீதிமன்றமும் வேறாக இருந்தன. காசு வேறாக இருக்கவில்லை. அரச ஊழியரின் சம்பளமும் ஓய்வூதியமும் அரச வங்கிக் கிளைகளூடாக அதே ரூபாயில் வந்தன. ஆனால் புதுத் தாள் உள்ளே வருவது அரிதாகவும், பழந்தாள் வெளியே போவது அதைவிட அரிதாகவும் இருந்தன. சாதாரணமாக ஒரு தாள் கைமாறி, அழுக்கேறி, வங்கிக்குத் திரும்பி, மத்திய வங்கிக்குப் போய், அங்கே இயந்திரத்தில் அரைபட்டு முடியும். எங்கள் தாள்களுக்கு அந்தச் சாவு கிடைக்கவில்லை. பத்து ரூபாய்த் தாள்கள் துணியைப் போல நைந்து, நடுவில் கிழிந்து, பசையும் பழைய கொப்பித் தாளும் வைத்து ஒட்டப்பட்டு, மறுபடி கிழிந்து, மறுபடி ஒட்டப்பட்டுத் திரிந்தன. இலக்கமும் பெறுமதியும் தெரிந்தால் கடைக்காரர் வாங்குவார். 2002 இல் ஏ9 வீதி திறந்தபோது, ஓமந்தைக்கு அப்பால் வவுனியாக் கடையொன்றில் எங்கள் தாளை நீட்டி, கடைக்காரப் பையன் அதை நுனிவிரலால் பிடித்து வெளிச்சத்தில் பார்த்ததும், எனக்குக் காது சூடேறியதும் நினைவிருக்கிறது. அவன் கடைசியில் வாங்கத்தான் செய்தான். ஒட்டுப்போட்ட அந்தத் தாள் புதுத் தாளுக்கு ஒரு சதமும் குறைந்தது அல்ல என்பதை, அவனுடைய முகம் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் சட்டம் ஒப்புக்கொள்கிறது.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். தற்செயலாகப் பழுதான தாளை வங்கியூடாக மாற்றலாம். வேண்டுமென்று எழுதியோ வெட்டியோ முத்திரை குத்தியோ பழுதாக்குவது சட்டப்படி குற்றம். அத்தகைய தாள்களை வங்கிகளில் மாற்றிக்கொள்ள 2017 டிசம்பர் 31 வரை மத்திய வங்கி கால அவகாசம் கொடுத்து, பின்னர் 2018 மார்ச் 31 வரை நீடித்தது. அந்த அறிவித்தல் வந்த நாட்களில் கோயில் திருவிழாவிலும் சாமத்தியவீட்டிலும் காசுமாலை கட்டும் வழக்கத்தைப் பற்றிப் பலரும் யோசிக்கத் தொடங்கினார்கள். தாளில் ஊசி குத்தி, நூல் கோத்து, பசை பூசி மாலை கட்டுவது அழகுதான். தாளின் ஆயுளில் பாதியை அந்த ஒரு மாலைப்பொழுது தின்றுவிடுகிறது. கட்டுகளுக்குக் கம்பிப் பின் அடித்த பழைய வங்கி வழக்கமும் இதே பழுதைத்தான் செய்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

“காசு அடிக்கிறது” என்ற பேச்சு 2022 இல் வேறொரு பொருளில் நம்மிடையே திரும்பி வந்தது. மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவர்கள், அரசாங்கம் இரவு பகலாகக் காசு அடித்துத் தள்ளுகிறது என்று பேசிக்கொண்டார்கள். பியகமவில் இயந்திரங்கள் ஓயாமல் சுழல்வதாகத்தான் பலருடைய மனதில் படம். உண்மையில் நடந்ததில் பெரும் பகுதிக்கு மை தேவைப்படவில்லை. அரசாங்கம் வெளியிட்ட திறைசேரி உண்டியல்களை, அதாவது குறுகிய காலக் கடன் பத்திரங்களை, மத்திய வங்கி தானே வாங்கி, அதற்கான தொகையை அரசாங்கத்தின் கணக்கில் வரவு வைத்தது. அவ்வளவுதான், ஒரு பதிவு. அந்தப் பதிவிலிருந்து சம்பளமும் கொடுப்பனவும் போய், மக்கள் வங்கியில் போய்க் காசாகக் கேட்கும்போதுதான் தாள் அச்சிடும் தேவை பின்னால் வருகிறது. எனவே பணம் பெருகுவதை அச்சகத்தின் வாசலில் நின்று எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. பொருள் இல்லாத இடத்தில் பதிவு மட்டும் பெருகியதன் விளைவைச் சந்தை காட்டியது: 200 ரூபாயளவில் பிடித்துவைக்கப்பட்டிருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாயைத் தொட்டது, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் 69.8 வீதமாகியது. அதே வருடம் மார்ச்சில், தாளும் மையும் இறக்குமதி செய்ய டொலர் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. பரீட்சைத்தாளுக்குக் கடதாசி இல்லாத நாட்டில் காசு மட்டும் பெருகிக்கொண்டிருந்தது என்பதை, கதையில் எழுதினால் மிகைப்படுத்தல் என்பார்கள். 2023 இல் நிறைவேறிய புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்கு இப்படி நேரடியாகப் பணம் கொடுப்பதைத் தடைசெய்தது.

வெளியிட்டவரின் சொல்லால் தாள் காசாகிறது என்றால், அதே சொல்லால் அது காசாக இல்லாமலும் போகலாம். 1970 ஒக்டோபரில் நிதியமைச்சர் என்.எம். பெரேரா ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார். பதுக்கிய கறுப்புப் பணத்தை வெளியே கொண்டுவருவது நோக்கம். குறித்த நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்காத தாள்கள் பெட்டிக்குள் இருந்தபடியே வெறுங்கடதாசி ஆகின. மையும் பருத்தியும் நீர்க்குறியும் அப்படியேதான் இருந்தன.

இன்னும் பின்னால் போனால் 1884. அப்போது இலங்கையில் தாள்க்காசு வெளியிட்டது அரசாங்கம் அல்ல, தனியார் வங்கிகள். அவற்றில் பெரியதான ஓரியண்டல் வங்கி, கோப்பித் தோட்டங்கள் நோயால் அழிந்ததில் கொடுத்த கடன் திரும்பாமல், அந்த வருடம் மே மாதத்தில் கதவை மூடியது. அதன் தாள்களை வைத்திருந்த வியாபாரிகளும் கூலிகளும் ஒரே நாளில் கையில் கடதாசியோடு நின்றார்கள். தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அந்தத் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு நிற்கும் என்று அறிவித்தார், பீதி அடங்கியது. அதன் தொடர்ச்சியாகவே தாள்க்காசுக்கான கட்டளைச் சட்டம் வந்து, 1885 முதல் அரசாங்கமே தாள் வெளியிடத் தொடங்கியது. 1950 இல் மத்திய வங்கி உருவானபோது அந்த உரிமை அதனிடம் போனது. இன்று நம் கையில் உள்ள தாளின் வம்சாவளி, மூடிப்போன ஒரு வங்கிக்கு வேறொருவர் கொடுத்த உத்தரவாதத்தில் தொடங்குகிறது.

வன்னியில் அந்த உத்தரவாதம் கிடைக்காத ஒரு வங்கியும் இருந்தது. 1994 இல் தொடங்கப்பட்ட தமிழீழ வைப்பகம் தனியாகத் தாள் எதையும் வெளியிடவில்லை. வைப்பும் கடனும் நகை அடகும் எல்லாம் இலங்கை ரூபாயிலேயே நடந்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் விவசாயிகள், வியாபாரிகள், வெளிநாட்டுக் காசு வரும் வீட்டுக்காரர் என்று பலர் அதில் கணக்கு வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு புத்தகம் இருந்தது, அம்மாவின் பெயரில். வட்டி ஒழுங்காக ஏறியது. பதிவுகள் அழகான கையெழுத்தில் இருந்தன. கணக்குப் படிப்பிக்கும் என் கண்ணுக்கு அதில் ஒரு பிழையும் தெரிந்ததில்லை.

2009 மே மாதத்தில் அம்மா வட்டுவாகல் பக்கமாக வெளியேறியபோது, மார்போடு அணைத்த சொப்பிங் பையில் மூன்று பொருட்கள் இருந்தன: ஆயிரம் ரூபாய்த் தாள்களில் ஒரு சிறு கட்டு, வைப்பகப் புத்தகம், என்னுடைய ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ். பை நீரில் நனைந்தது. செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள், கயிறு கட்டி, தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தொங்கவிட்டுக் காயவைத்தோம். சான்றிதழ் மரக்கூழ்த் தாள். பிரிக்கும்போதே விரலில் ஒட்டிக் கரைந்தது. புத்தகத்தின் மட்டை தப்பியது, உள்ளே மை பரவியிருந்தது. ரூபாய்த் தாள்கள் சேற்று நிறத்தில், சுருங்கி, ஆனால் முழுதாக இருந்தன. முகாமுக்குள் வங்கிகள் தற்காலிகக் கருமபீடங்களைத் திறந்து வைப்பு வாங்கத் தொடங்கியபோது, வரிசையில் நின்று அவற்றைக் கொடுத்தேன். காசாளர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். மூன்றை மட்டும், “இலக்கம் தெரியேல்லை மாஸ்ரர்” என்று திருப்பித் தந்துவிட்டு, மிச்சத்தைப் புதிய கணக்குப் புத்தகத்தில் பதிந்தார். பொறுமையான மனிதர், எனக்குப் பின்னால் நின்றவர்களின் கையிலும் அதே நிறத் தாள்கள்தான் இருந்தன.

வைப்பகப் புத்தகத்தை நான் அவரிடம் காட்டவில்லை. காட்டுவதற்கு எந்தக் கருமபீடமும் எங்கும் இருக்கவில்லை. அது சொன்ன தொகை, அவர் பதிந்த தொகையைப்போல ஏழு மடங்கு.

போர்ட் வேர்த்தில் நடைபாதை முடியும் இடத்தில் ஒரு கடை இருக்கிறது. வெட்டாத டொலர் தாள்களைப் பெரிய தாளாகவே வாங்கலாம். அதன் விலை அதிலுள்ள டொலர்களின் தொகையைவிடக் கூட. பக்கத்தில், அரைத்துத் தூளாக்கிய பழந்தாள்கள் சிறு பொட்டலங்களில் விற்பனைக்கு இருந்தன. மருமகள் அதில் ஒன்றை எனக்கு வாங்கித் தந்தாள். ஊருக்குத் திரும்பியதும் அதை அம்மாவிடம் காட்டி, இது அமெரிக்கக் காசு, ஆயுள் முடிந்து அரைத்தது என்று சொன்னேன். பொட்டலத்தைக் கையில் வாங்கி, பச்சைத் துணுக்குகளை வெளிச்சத்தில் கொஞ்சநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு எழும்பிப் போய், அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கற் பேணியை எடுத்து, அதற்குள் மடித்துவைத்திருந்த சேற்றுநிற ஆயிரம் ரூபாய்த் தாள்கள் மூன்றுக்கும் வைப்பகப் புத்தகத்துக்கும் பக்கத்தில் அதையும் வைத்து மூடினா.